மானேஜரும் பதிலியும் விமானம் ஏறிய வரலாறு

பூலாங்கரை நூற்பாலையை மூடிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் தொழிலாளர் சங்கத்தை யாரும் மூடவில்லை. மூட வேண்டுமென்றால் செயற்குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். கூடிய போதெல்லாம் அதைவிட அவசரமான விஷயம் ஏதாவது வந்து நின்றது.

சங்கத்தில் இப்போது நான்கு பேர். தலைவர் கொண்டல்சாமி, செயலாளர் மாசானம், பொருளாளர் சுடலைக்கண்ணு. பதவி இல்லாத உறுப்பினர் என்று மிஞ்சியவர் ஆவுடையப்பன் ஒருவர்தான். மற்ற மூவரும் சேர்ந்து அவரைத்தான் வழிநடத்தி வந்தார்கள்.

இந்தத் தடவை வந்த அவசரம், தலைவரின் வெளிநாட்டுப் பயணம். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் செண்பகம் அப்பாவை அழைத்துப்போக வந்துவிட்டாள்.

"இந்தத் தடவை விட்டா விசா போச்சுப்பா. அப்புறம் நீங்க இங்க தனியா, நான் அங்க தனியா."

"நான் வாறேம்மா. ஆனா மானேஜரும் பதிலியும் இல்லாம வரமாட்டேன்."

மானேஜரும் பதிலியும் அவர் வளர்த்த பூனைகள். பெரியது உட்கார்ந்த இடத்திலேயே தின்று பெருத்துப் போய், யாரைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் மானேஜர். சின்னது மெலிந்து, இன்றைக்கு இடம் உண்டா இல்லையா என்று தெரியாமல் வாசலிலேயே நிற்கும். மில்லில் நிரந்தரமாகாத தொழிலாளியைப் பதிலி என்பார்கள். அந்தப் பெயர் இதற்கு. மனைவி போன பிறகு கொண்டல்சாமியோடு வீட்டில் வாதாடிக்கொண்டிருந்தவர்கள் இந்த இருவர்தான்.

செண்பகம் விசா காகித வேலையாகச் சென்னைக்குப் போனாள். போகும் முன் மூவரையும், அதாவது அப்பாவையும் இரண்டு பூனைகளையும், கால்நடை மருத்துவரிடம் விட்டுவிட்டுப் போனாள். டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார்.

"பெரியது இளைக்கணும் ஐயா. கூடையோடு சேர்த்து எட்டுக் கிலோவுக்குள் இருந்தாத்தான் விமானத்துல உங்ககூட வச்சுக்க விடுவாங்க. இல்லேன்னா பெட்டிகளோட கீழே போட்டுடுவாங்க. சின்னதுக்குச் சிறுநீரகம் பலவீனம். கருவாடு, உப்பு எதுவும் கூடாது. ரெண்டுக்கும் தனித்தனி உணவு தர்றேன். அங்கேயும் இதே கிடைக்கும். இங்கேயே பழக்கிடுங்க. ஒன்னு தட்டுல இன்னொன்னு வாய் வைக்கக் கூடாது. விமானம் ஏறுற அன்னிக்குக் காலையில மட்டும் வெறும் வயிறு."

கொண்டல்சாமி பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் துண்டுப் பிரசுரத்தில் படித்தது அதிகம். எதையும் செயற்குழுவில் வைக்காமல் செய்ய மாட்டார். அன்றே கூட்டினார்.

மாசானம் கேட்டதுமே எழுந்து நின்றார். "தனித்தனித் தட்டா? அண்ணாச்சி, மில் காண்டீன்ல அதிகாரிக்கு ஒரு தட்டு, தொழிலாளிக்கு ஒரு தட்டுன்னு இருந்ததை ஒழிச்சது யாரு?"

"நாமதான்."

"நாம மொத்தத்துல ஜெயிச்சதே அது ஒன்னுதான்!" என்றார் சுடலைக்கண்ணு.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். உண்மைதான்.

"ஆனா ஒன்னு தட்டுல இன்னொன்னு வாய் வைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்களே வே," என்றார் கொண்டல்சாமி.

மாசானம் யோசித்தார். "தட்டையே ஒழிச்சிருவோம். தட்டே இல்லாதப்போ யார் தட்டுல யார் வாய் வைக்க முடியும்?"

ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு உணவையும் தரையில் கொட்டினார்கள். மானேஜர் தன்னுடையதைத் தின்றார், பதிலியுடையதையும் தின்றார், தரையையும் ஒருமுறை நக்கிவிட்டுப் போய்ப் படுத்தார். பதிலி வழக்கம்போல வாசலில் நின்றது.

"மில்லே தேவலை போலிருக்கே," என்றார் ஆவுடையப்பன். உறுப்பினருக்குப் பேச அனுமதி இல்லை என்று அவரை உட்கார வைத்தார்கள்.

மறுநாள் பதிலிக்குத் தனியே வைத்துப் பார்த்தார்கள். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிறந்ததிலிருந்து சாளைமீன் தின்று வளர்ந்த பூனை அது. கொண்டல்சாமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தின்னாமல் செத்துவிட்டால் எந்த நாட்டுக்கு யாரோடு போவது? டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"புது ருசி இல்லையா ஐயா, தயங்கத்தான் செய்யும். யாராவது பக்கத்துல உக்காந்து சாப்பிட வைங்க."

ஆவுடையப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்து, சாப்பிட வைத்தார்கள்.

"எப்படி இருக்கு வே?"

"உப்பு இல்ல."

"சின்னதுக்கு உப்பு ஆகாதுல்லா. தின்னும்."

மூன்று வேளையும் தின்றார். ஆவுடையப்பனின் காலில் வெகுகாலமாக இருந்த வீக்கம் வற்றியது. பதிலிதான் இன்னும் கொஞ்சம் மெலிந்தது. "மருந்து வேலை செய்யுது. ஆள்தான் மாறிப்போச்சு," என்றார் சுடலைக்கண்ணு.

அடுத்த பிரச்சினை மானேஜரின் எடை. பழைய இரும்புக்கடையில் வாங்கிய கம்பிக் கூடையில் அவரை உட்கார வைத்து, அரிசிக்கடைத் தொங்கு தராசில் மாட்டினார்கள். பத்துக் கிலோ காட்டியது.

"டாக்டரம்மா சொன்னது கூடையோட சேத்து எட்டு. பூனையைக் குறைக்க நாளாகும். கூடையைக் குறைப்போம்," என்றார் மாசானம்.

"கூடையில எது வெயிட்டு?"

"அடித்தகடுதான்."

அடித்தகட்டை வெட்டி எடுத்தார்கள். தரையில் வைத்த கூடைக்குள் மறுபடி மானேஜரை இறக்கி, தராசில் மாட்டித் தூக்கினார்கள். ஒன்றரைக் கிலோ! நான்கு பேரும் கைதட்டினார்கள். அரிசிக்கடைக்காரரும் தட்டினார். மானேஜர் தரையில் நின்ற இடத்திலேயே நின்று காதைச் சொறிந்தார்.

"ஒரே நாள்ல எட்டரைக் கிலோ! ஐயோ, ரொம்ப இளைச்சுட்டாரே," என்று கொண்டல்சாமி மானேஜரைத் தடவிக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்குச் சாளைமீன் இரண்டு பங்கு வைத்தார்கள்.

செண்பகம் திரும்பி வந்து எல்லாவற்றையும் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு தட்டு வாங்கினாள். இரண்டு அறையில் வைத்தாள். நடுக்கதவைச் சாத்தினாள். பழைய மீனில் துளி, புது உணவில் நிறைய என்று கலந்து, பதிலியைத் தின்ன வைத்தாள். மானேஜருக்கு அளந்து போட்டாள். லேசான துணிப்பை ஒன்று வாங்கினாள். இந்தக் குறுக்குவழியைச் செயற்குழு ஏற்கவில்லை. ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொண்டு விட்டுவிட்டது.

பயண நாள் வந்தது. காலையில் பூனைகளுக்குச் சோறு கிடையாது. கொண்டல்சாமிக்கு மனசு கேட்கவில்லை.

"அதுங்க ரெண்டும் பட்டினி கிடக்கும்போது நாம இட்லி தின்னா அது துரோகம் வே."

நான்கு பேரும் அடையாள உண்ணாவிரதம் அறிவித்தார்கள். உண்ணாவிரதம் என்றால் கோரிக்கை வேண்டும். 'பூனைகளை விமானத்தில் ஏற்று' என்று அட்டையில் எழுதி ஆவுடையப்பன் கழுத்தில் மாட்டினார்கள். மற்ற மூவரும் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொள்ள, நால்வரும் செண்பகத்தோடு விமான நிலையத்துக்குள் போனார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பூனைப்பைகளை எடை போட்டாள். காகிதத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார். ரெண்டு பூனையும் உங்களோடவே வரலாம்."

கொண்டல்சாமியின் முகம் கறுத்தது.

நாற்பது வருஷப் போராட்ட வாழ்க்கையில் நிர்வாகம் ஒரு கோரிக்கையை முதல் வார்த்தையிலேயே ஒத்துக்கொண்டதை அவர் பார்த்ததில்லை. போனஸ் கேட்டால் கதவடைப்பு வரும். கழிப்பறை கேட்டால் போலீஸ் வரும். இவள் சிரிக்கிறாளே!

"இதுல சூது இருக்கு வே," என்றார்.

"இருக்கு அண்ணாச்சி. பேச்சுவார்த்தை இல்லாம ஒத்துக்கிட்டா ஏமாத்தப் போறாங்கன்னு அர்த்தம்," என்றார் மாசானம்.

"அப்போ?"

"உக்காருவோம்."

நால்வரும் மேசைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். செண்பகம் கெஞ்சினாள், கத்தினாள், அழுதாள். கடைசி அழைப்பு வந்தது. பூனைகள் இரண்டும் அவள் கையில் அலறின. "நான் போயி இதுகளை இருக்கையில வைக்கேன். நீங்க பின்னாலயே ஓடி வரணும், சரியா?" என்று ஓடினாள்.

விமானக் கம்பெனி அதிகாரி ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். "ஐயா, உங்க கோரிக்கைதான் என்ன?"

"பூனைகளை ஏத்தணும்."

"ஏத்தியாச்சு ஐயா!"

"பாத்தீரா வே, எவ்வளவு அவசரம்!" என்றார் மாசானம். "யோசிக்கக்கூட இல்ல."

"நீங்களும் ஏறுங்க ஐயா, கதவைச் சாத்தப் போறாங்க!"

"பேச்சுவார்த்தை முடியாம தலைவர் எழுந்திருக்க மாட்டார்," என்றார் சுடலைக்கண்ணு.

அதிகாரி போனார், வந்தார், கும்பிட்டார். கடைசியில் அவரே தரையில் உட்கார்ந்து, பூனைகள் ஏற்றப்பட்டதை ஏற்பதாக நான்கு முறை சொல்லி, கடையிலிருந்து ஆரஞ்சு ஜூஸ் வாங்கித் தன் கையாலேயே கொண்டல்சாமியின் வாயில் ஊற்றினார். நிர்வாகத்தின் கையால் ஜூஸ்! மாசானத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தட்டு ஒழிப்புக்குப் பிறகு சங்கம் கண்ட முதல் வெற்றி. அந்த நேரம் கண்ணாடிக்கு வெளியே ஒரு விமானம் மேலே கிளம்பிப் போயிற்று. நால்வரும் எழுந்து நின்று அதற்குக் கைதட்டினார்கள்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் வெகுதூரம் வரை கோஷம் ஓயவில்லை. தொண்டை வறண்டு எல்லோரும் அடங்கிய பிறகு கொண்டல்சாமிக்கு என்னவோ உறுத்தியது.

"ஏன் வே, இன்னிக்கு நாம யாரை வழியனுப்ப வந்தோம்?"

"உங்களைத்தான் அண்ணாச்சி," என்றார் மாசானம். "நல்லபடியா அனுப்பியாச்சு. இந்நேரம் கடலையே தாண்டியிருப்பீங்க."

கொண்டல்சாமிக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. துண்டை எடுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"அப்போ அந்த ஜன்னலைச் சாத்தும் வே. அங்க குளிர் ஜாஸ்தின்னு செண்பகம் சொல்லியிருக்கா."