கூவளப்பாக்கத்துத் தீ

குணசுந்தரி பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் திருவேங்கடத்திடம் படித்தாள். பிறகு பள்ளிக்கூட வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். எல்லாம் ஆகி நாற்பத்தொன்றாவது வயதில் முனைவர் பட்டத்துக்கும் அவரிடமே போய் நின்றாள்.

"இத்தனை வருஷம் கழிச்சா?" என்றார் அவர்.

"ஒண்ணு பாதியில நின்னு போச்சு சார்."

"எது?"

"கூவளப்பாக்கம்."

அவர் சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

கூவளப்பாக்கம் அவளுக்குப் பத்தொன்பது வயதில் அறிமுகமான ஊர். வேறு எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்காமல் வரலாற்றில் வந்து விழுந்தவள் அவள். பி.ஏ. இரண்டாம் ஆண்டு, மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு. பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். திருவேங்கடத்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது, தலை நிறைய முடி. ஒருநாள் பெரிய காகிதச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். அது சுருண்டுகொள்ளாமல் இருக்க, முன்வரிசைப் பெண்களின் டிபன் டப்பாக்களை வாங்கி மூலைக்கு ஒன்றாக வைத்தார். கல்வெட்டின்மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, மை தட்டி எடுத்த படி அது. கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்துகள்.

விரல் வைத்துப் படித்தார். "இவ்வூர் எரியழிந்து பாழாய்க் கிடந்தமையில்."

பிறகு நிமிர்ந்தார். "சித்திரை மாசம்னு வெச்சுக்குங்க. கூரையெல்லாம் காய்ஞ்சு கெடக்கு. படை உள்ள வருது. ஒரே ஒரு பந்தம். அவ்வளவுதான். ஊரே ஓடுது. ஒருத்தி மட்டும் பாதி வழியில நின்னு திரும்புறா. கன்னுக்குட்டியை அவுத்துவிடலையே!"

வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை. குணசுந்தரி தாவணித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்றுக்குட்டி கல்வெட்டில் எந்த வரியில் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. பரீட்சையில் கன்றுக்குட்டியையும் சேர்த்தே எழுதினாள். பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார்.

எம்.ஏ.வில் கன்றுக்குட்டி காணாமல் போயிற்று. அந்த இடத்தில் அறிஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஊரைக் கொளுத்தியது வடக்கேயிருந்து வந்த படை என்றார்கள் மூன்று பேர். தெற்குப் படை என்றார்கள் இரண்டு பேர். பக்கத்து ஊர்த் தலைவனின் பகை என்று ஒருவர். எல்லோருக்கும் தொடக்கம் திருவேங்கடம் எழுதிய 'எரிந்த ஊர்' என்ற புத்தகம்தான். குணசுந்தரி 'எனினும்', 'எனலாம்', 'என்பாரும் உளர்' என்றெல்லாம் எழுதக் கற்றுக்கொண்டாள். கேன்டீனில் டீ ஆறி ஆடை படியும் வரை சண்டை போட்டாள். ஐந்தரை மணி பஸ்ஸை விட்டுவிட்டு, நூலகத்தில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பாள். தீ வைத்தது யார் என்று எண்பது பக்கம் ஆய்வேடு எழுதினாள்.

தான் இவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் வேறு உண்டா என்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த அன்று திருவேங்கடம் புத்தகம் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"முதல்ல கல்லைப் பார்த்துட்டு வா," என்றார்.

மே மாத விடுமுறையில் போனாள். ஏரிக்கரைக்குக் கீழே, கால்வாய் ஓரத்தில் கல் சாய்ந்து நின்றது. நூறுநாள் வேலைப் பெண்கள் கால்வாயைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். கல்லின் அடியிலிருந்த மண்ணையும் அள்ளியிருந்தார்கள். மை தட்டிய காலத்தில் பூமிக்குள் இருந்த நான்கு வரிகள் வெளியே தெரிந்தன.

பையிலிருந்த சாக்பீஸைப் பொடித்துத் தேய்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. "குழி குத்திக் கரை அட்டுவித்தான்."

இரண்டு முறை படித்தாள்.

மண்வெட்டியை ஊன்றியபடி பச்சையம்மா என்ற பெண் வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா எழுதிக்குது?"

"ஊர் எரிஞ்சு பாழாக் கெடந்துச்சாம். ஒருத்தர் குழி வெட்டி, கரை போட்டுக் குடுத்தாராம்."

"எரிஞ்ச ஊருக்கு எதுக்கும்மா கரை?"

குணசுந்தரி மறுபடி முதல் வரியைப் பார்த்தாள்.

"நெருப்புப் புடிச்சா ரெண்டு மாசத்துல கூரை மேய்ஞ்சுகினு குந்திப்போம். ஏரி போய்ட்டாதாம்மா ஊரு பாழாப் போவும்," என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மா வேலைக்குத் திரும்பினாள்.

அந்தக் காலத்துக் கல்லில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்தான். குறிலா நெடிலா என்று படிக்கிறவர் முடிவு செய்ய வேண்டும். பி.ஏ. மாணவிக்குக்கூடத் தெரிந்த செய்தி. இவ்வூர் எரியழிந்து. இவ்வூர் ஏரியழிந்து.

படை இல்லை. பந்தம் இல்லை. ஏதோ ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்திருக்கிறது.

பெரிதாக எதையோ கண்டுபிடித்த மகிழ்ச்சி அவளுக்கு வரவில்லை. வீட்டில் ஒருவர் போய்விட்ட மாதிரி அந்தக் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்து யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்டில் 'எரிந்த ஊர்' மூன்றாம் பதிப்புக்குப் போயிற்று. "உன் கண்ணுக்குத்தான் பிழை தப்பாது," என்று திருவேங்கடம் மெய்ப்பை அவளிடமே கொடுத்தார். ஏழாம் அத்தியாயம் முழுக்கத் தீ. அவள் ஒற்றெழுத்துகளைத் திருத்தினாள், காற்புள்ளிகளைத் திருத்தினாள், திருப்பிக் கொடுத்தாள். எழுதிக்கொண்டிருந்த தன் ஆய்வேட்டில் மட்டும் அடிக்குறிப்பாக ஒரு வரி சேர்த்தாள். 'ஏரி எனப் படிக்கவும் இடமுண்டு.'

டிசம்பரில் அவர் கூப்பிட்டார். துறை அறையில் வேறு யாரும் இல்லை. அடிக்குறிப்பின் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"இது என்ன?"

"ஒரு சாத்தியம் சார்."

"சாத்தியமா, நீ படிச்சதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அந்த நான்கு வரிகளையும் சொன்னாள். பச்சையம்மா சொன்னதையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மே மாசம்."

"மெய்ப்புப் பார்க்கும்போது தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஏன் சொல்லலை?"

"உங்க புத்தகம் சார்."

"அது மட்டும்தானா?"

"அந்த வகுப்பு சார். வேற வழியில்லாம வரலாறு சேர்ந்தவ நான். அன்னைக்கு நீங்க சொன்ன தீயாலதான் பிடிச்சுப்போய்ப் படிச்சேன். அது நடக்கவே இல்லைன்னா, நான் எதைப் படிச்சேன் சார்?"

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் அந்தக் கல்லைப் பார்த்ததே இல்லை," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"நான் எம்.ஏ. படிக்கும்போது என் வாத்தியார் அந்தப் படியை விரிச்சுக் காட்டினார். எரின்னு படிச்சார். எவ்வளவு அழகாப் படிச்சார் தெரியுமா! அப்புறம் என் கண்ணுக்கு வேற எழுத்தே தெரியலை. ஒரு தடவை கூவளப்பாக்கத்துக்குப் போகவும் செஞ்சேன். ஏரிக்கரை வரைக்கும். மழை, முழங்கால் சேறு. படிதான் கையில இருக்கேன்னு திரும்பிட்டேன். இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"காலையில பஸ் எத்தனை மணிக்கு?"

மறுநாள் இருவரும் போனார்கள். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஏரி தளும்பி நின்றது. கரையில் அவர் மெதுவாகத்தான் நடந்தார். கல்லுக்கு முன்னால் முழங்கால் நெட்டி முறியக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரலை முதல் வரியில் வைத்தார். குறிலாக ஒருமுறை படித்தார். நெடிலாக ஒருமுறை படித்தார். பிறகு கீழே இறங்கி இறங்கிக் கடைசி வரிக்கு வந்தார். அங்கேயே வெகுநேரம் விரல் நின்றது.

குணசுந்தரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுந்தவர் பதிப்பகத்துக்குப் போன் செய்தார். "ஏழாம் அத்தியாயம் தப்பு," என்றார். மறுமுனையில் என்னென்னவோ சொன்னார்கள். "பாதி அச்சாயிருந்தா இருக்கட்டும். என் மாணவி ரெண்டு பக்கம் எழுதித் தருவா. அதை முன்னாடி சேர்த்துக் கட்டுங்க. அவ பேரைப் பெரிசாப் போடுங்க."

போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த முடி காற்றில் கலைந்தது.

"சார்," என்றாள். "பி.ஏ. பிள்ளைங்களுக்கு இனிமே எதைச் சொல்வீங்க?"

"ஏரியைத்தான். இங்கேயே கூட்டிட்டு வந்து சொல்வேன்."

"அப்ப தப்பு வராது, இல்லையா சார்?"

"வரும்," என்றார் திருவேங்கடம். "அதைச் சொல்லப்போறவ இந்நேரம் எங்கேயாவது பி.ஏ. சேர்ந்திருப்பா."