வெளியாளா, அரண்மனை ஆளா?

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மஞ்சளாற்று நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் காலையில் சொன்ன சொல் மத்தியானச் சாப்பாடு வரை நின்றால் அதிசயம். அவன் பெரிய கல்விச்சாலை ஒன்று கட்டி, மாதம் ஒருவரை வெளியூரிலிருந்து பேச அழைத்தான். சட்டமும் போட்டான். தன் வேலையை எப்படிச் செய்வதென்று தானே முடிவு செய்கிறவர் வெளியாள். பேசி முடித்ததும் அவருக்கு நூறு பொன். அதிகாரி சொன்னபடி செய்கிறவர் அரண்மனை ஆள். அவருக்கு வீடும் சம்பளமும்தான், தனியாகப் பொன் கிடையாது.

அந்த மாதம் வந்தவள் குஞ்சிதம், யானை வைத்தியம் பார்க்கிறவள். மலையடிவாரத்தில் பதினோரு யானைகள் காலில் புண்ணோடு நின்றுகொண்டிருந்தன. நூறு பொன் கிடைத்தால்தான் அவற்றுக்கு மருந்துச் சரக்கு வாங்க முடியும். அதற்காகவே மூன்று நாள் வண்டியில் குலுங்கி வந்து சேர்ந்தாள்.

கல்விச்சாலைத் தலைவர் வரதுங்கருக்கு வயிறு எரிந்தது. தான் வருஷமெல்லாம் தொண்டை வறளக் கத்தி வாங்குவதை இவள் ஒரே நாளில் வாங்கிப் போவதா? வாசலிலேயே ஓர் ஓலையை நீட்டி, இதில் உள்ளதைத் தவிர வேறு பேசக் கூடாது என்றார். எங்கே நிற்பது, எப்போது இருமுவது என்பதுவரை அதில் இருந்தது. மதம் பிடித்த யானை முன்னால் கைகட்டி நின்று மூன்று வெண்பா பாடினால் அது அடங்கிவிடும் என்றும் எழுதியிருந்தார். மனுஷர் யானையைத் திருவிழாக் கூட்டத்தில் எட்ட நின்று பார்த்ததோடு சரி.

தகராறு செய்தால் பொன் போய்விடுமே என்று குஞ்சிதம் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே வாசித்தாள். வாசித்து முடித்ததும் வரதுங்கர் ராஜாவிடம் ஓடினார். இவள் முழுக்க நான் சொன்னபடி பேசியவள், அதனால் வெளியாள் இல்லை, பொன் கிடையாது என்றார்.

ராஜாவுக்கு அந்த வாதம் பிடித்துப்போயிற்று. "சரிதான். அப்போ நீ அரண்மனை ஆள். வீடு தருகிறேன், இனி இங்கேயே இரு" என்றான்.

பொன்னும் போச்சு, மலைக்குத் திரும்புவதும் போச்சு. குஞ்சிதத்துக்குக் கண் கலங்கியது. புத்தி மட்டும் கலங்கவில்லை.

"உத்தரவு மகாராஜா. அரண்மனை ஆள் மேலதிகாரி சொன்னபடிதானே வேலை செய்யணும்?"

"வேறெப்படி?"

"பட்டத்து யானைக்கு மதம் பிடிச்சு நாலு நாளாச்சாமே. இப்பவே வைத்தியம் பார்க்கிறேன். தலைவர் பக்கத்தில் நின்னு வெண்பா சொல்லிக் கொடுக்கட்டும்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். சபையே யானைக் கொட்டாரத்துக்குக் கிளம்பியது. உள்ளே பட்டத்து யானை ஒரு தூணைப் பிடுங்கி வீசியது. வரதுங்கர் பாய்ந்து ராஜாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"மகாராஜா, இந்த அம்மா வெளியாள்தான்" என்றார். "எனக்கு யானையைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவங்களுக்கு வேலை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். குஞ்சிதம் சிரிக்கவில்லை. எல்லாரையும் தூர விலகச் சொன்னாள். மதம் தணியும்வரை யாரும் கிட்டப் போகாமல் தண்ணீரும் தழையும் மட்டும் எட்ட வைக்கும்படி பாகர்களிடம் சொன்னாள். பிறகு ராஜாவிடம் திரும்பினாள்.

"என் பேச்சைக் கேட்கக் கூப்பிட்டீங்க மகாராஜா. இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்கவே இல்லையே."

ராஜாவுக்குச் சிரிப்பு நின்றது. வெட்கமாகப் போயிற்று. அங்கேயே மரத்தடியில், பாகர்களோடு பாகனாக மண்ணில் உட்கார்ந்துகொண்டு அவளைப் பேசச் சொன்னான். பொழுது சாயும்வரை அவள் பேசினாள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இது உன் பேச்சு, இதற்கு நூறு பொன் நான் தருகிறேன்" என்றான் ராஜா. "காலையில் நீ வாசித்தது வரதுங்கர் பேச்சு. வாசித்த கூலி நூறு அவர் கையிலிருந்து."

இருநூறு பொன்னோடு குஞ்சிதம் தன் யானைகளிடம் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் வெளியூரிலிருந்து யார் பேச வந்தாலும், வரதுங்கர் வாசலில் நின்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாப்பிட்டீங்களா?"