திரும்பி வந்த எழுத்து

"இன்னும் எத்தனை நாளைக்குங்க அம்மணி, நான் உங்க பின்னாலயே திரியறது?"

கேட்டவர் சென்னியப்பன். வயது ஐம்பத்திரண்டு. பல்லடம் வட்டாரத்தில் அவர் ஒயர் இழுக்காத கோழிப்பண்ணை கிடையாது.

கேள்வி போனது ஷம்ஷாத்திடம். வயது முப்பத்தொன்று. பண்ணைகளுக்குக் கன்ட்ரோலர் பொருத்தித் தருவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆளில்லை. எட்டு மாதத்துக்கு முன்பு சென்னியப்பன் தாமே போய், எனக்கும் கற்றுக்கொடு என்று அவளிடம் கேட்டார். ஊரே சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை.

"இன்னிக்கு முழுக்க நீங்களே செய்யுங்கண்ணா," என்றாள் ஷம்ஷாத். "நான் ஒரு எழுத்துகூடத் தட்ட மாட்டேன். சரியா வந்துருச்சுன்னா நாளைலருந்து தனியாப் போங்க."

சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று அவர்கள் வந்திருந்தது ஒரு குஞ்சு பொரிப்பகம். நாலு மணிக்கு முட்டை வண்டி வரும். நாற்பதாயிரம் முட்டை. அவற்றைப் பதினெட்டு நாள் அடைவைக்கும் சூட்டறைக்குப் புதுக் கன்ட்ரோலர் வந்திருந்தது. சூடு, ஈரம், முட்டையைப் புரட்டுவது எல்லாம் இனி அதன் பொறுப்பு. நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டால் மேனேஜரின் செல்போனுக்கே நிலவரம் சொல்லும்.

சேரும்வரை அதற்கு முகவரி இல்லை. லேப்டாப்பிலிருந்து ஒரு சீரியல் கேபிளைச் சொருகி, கட்டளைகளை வரிவரியாகத் தட்டித்தான் அதனோடு பேச முடியும்.

மொத்தம் நாற்பது வரி. நாற்பதும் சென்னியப்பனுக்கு மனப்பாடம்.

உட்கார்ந்தார். ஷம்ஷாத் மேசையோரமாக நிற்க, தட்டத் தொடங்கினார்.

வாசலில் முட்டைத் தட்டு கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் வேகமாகத் தட்டினார். போன வருடம்வரை ஸ்விட்ச் போர்டு மாட்டிக்கொண்டிருந்த கை இது. பெருமையாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே?

ஒன்பதே நிமிடம். கடைசி வரியில் சேமிக்கச் சொல்லும் கட்டளை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"முடிஞ்சுதுங்க அம்மணி. ஒரு எழுத்து தப்பா இருந்தா என்ற பேரை மாத்திக்கறனுங்க."

ஷம்ஷாத் குனிந்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"ஒரு தப்பும் இல்லீங்கண்ணா."

பிறகு மேசைக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்தாள். கையில் சீரியல் கேபிளின் மறுமுனை இருந்தது.

சென்னியப்பன் கேபிளைப் பார்த்தார். கன்ட்ரோலரைப் பார்த்தார். கேபிள் இருக்க வேண்டிய இடம் காலி.

"எப்பங்க புடுங்குனீங்க?"

"மூணாவது வரியில."

வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சென்னியப்பனின் காது இரண்டும் சுட்டது.

"அப்புறம் எப்படிங்க அத்தனை எழுத்தும் ஸ்கிரீன்ல வந்துச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அத்தனையும் யாரு போட்டது?"

கன்ட்ரோலர் என்று சொல்லப் போனவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தட்டுகிற எழுத்து கன்ட்ரோலர்வரை போய், அது திருப்பி அனுப்பினால்தான் ஸ்கிரீனில் தெரியும். ஏற்பாடு அப்படி. அந்தச் சின்னத் தாமதம் சென்னியப்பனுக்குப் பிடிக்காது. அதனால் எங்கே போனாலும் முதல் வரியிலேயே, நீ எதையும் திருப்பிச் சொல்லாதே என்று கன்ட்ரோலரை அடக்கிவிடுவார். தட்டுவதை லேப்டாப்பே காட்டிக்கொள்ளும்படி மாற்றிவிடுவார். எட்டு மாத வழக்கம் அது. அதை ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தார்.

அவமானத்தில் எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. மணியைப் பார்த்தார். இரண்டரை.

ஷம்ஷாத் கேபிளை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.

சென்னியப்பன் கேபிளைச் சொருகினார். லேப்டாப் காட்டுவதை நிறுத்தினார். ஸ்கிரீன் வெறுமையாயிற்று. திருப்பிச் சொல்லு என்கிற கட்டளையைக் கண்ணுக்குத் தெரியாமலே தட்டினார்.

பிறகு ஒரே ஓர் எழுத்து. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

எழுத்து வந்தது.

நாற்பது வரியும் தராத சந்தோஷத்தை அந்த ஓர் எழுத்து தந்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். பெண்கள் அலுத்துப்போய் எப்போதோ வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

ஒரு வரி தட்டுவார். திரும்பி வந்ததைப் படிப்பார். அப்புறம்தான் அடுத்த வரி. இப்படியே இருபத்தோரு வரி போயிற்று.

இருபத்திரண்டாவது வரி, சூடு. தொண்ணூற்றொன்பதரை டிகிரி ஃபாரன்ஹீட் என்று தட்டினார்.

தொண்ணூற்றொன்றரை என்று திரும்பி வந்தது.

அழித்துவிட்டு மறுபடி தட்டினார். இந்தத் தடவை தொண்ணூற்றொன்பதரை என்றே வந்தது.

மேலே போயிருக்கலாம். போகவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார். பக்கத்து அறையில் ஈரம் தெளிக்கும் பம்ப் ஓடத் தொடங்கியது. உடனே தட்டிப் பார்த்தார். தொண்ணூற்றொன்றரை. பம்ப் நின்றது. தொண்ணூற்றொன்பதரை.

"அட, நீதானா," என்று மேசைக்கு அடியில் புகுந்தார்.

பம்புக்குப் போகும் கரன்ட் ஒயரோடு சீரியல் கேபிளைச் சேர்த்து, இரண்டையும் ஒரே கட்டாக, அழகாகப் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்தது. பம்ப் ஓடும்போதெல்லாம் அந்தக் கரன்ட், பக்கத்துக் கேபிளில் போகிற எழுத்தைக் கலைத்திருக்கிறது. கட்டியவர் சென்னியப்பன். காலையில்தான் கட்டினார். ஒயர்கள் நேர்த்தியாக இருக்க வேண்டும் என்பது அவரது இருபத்தைந்து வருடப் பிடிவாதம்.

டேக்குகளை ஒவ்வொன்றாக வெட்டினார். கேபிளைப் பிரித்தெடுத்து எதிர்ச்சுவர் பக்கமாகக் கொண்டுபோனார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. பம்ப் ஓடும்வரை காத்திருந்து தட்டினார். தொண்ணூற்றொன்பதரை. ஐந்து தடவை தட்டினார், ஐந்து தடவையும் அதுவே.

"நானா இருந்தா கேபிள் பழசுன்னு மாத்தியிருப்பேன்," என்றாள் ஷம்ஷாத். கொஞ்சம் யோசித்து, "மூணு பண்ணையில மாத்தியும் இருக்கேன்," என்றாள்.

சென்னியப்பன் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் சிரித்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. இருபத்து மூன்றாவது வரியைத் தட்டினார்.

நாற்பதாவது வரி முடிந்தபோது வெளியே ஹாரன் கேட்டது. மேனேஜர் திருமூர்த்தி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"வண்டி வந்துருச்சுங்க மேடம். முட்டையை உள்ள ஏத்திரலாமுங்களா?"

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் ஷம்ஷாத். "வேலை அண்ணனோடது."

திருமூர்த்தி திரும்பி அவரைப் பார்த்தார். பல்பு போய்விட்டது, ஃபேன் ஓடவில்லை என்று சொல்லத்தான் இத்தனை வருடமாக எல்லோரும் சென்னியப்பனிடம் வருவார்கள். செய்யலாமா என்று அனுமதி கேட்டு யாரும் வந்ததில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தாராளமா ஏத்துங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒரு நிமிசம் இருங்க," என்று ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தார். "கன்ட்ரோலரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்க."