பேஸ்மட்டம்

"கோபம் போக மாட்டேங்குதுங்க, சாமி" என்றார் அர்த்தநாரி.

நல்லாத்தாள் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு மேல?"

"தம்பி மேல."

"எத்தனை நாளா?"

"எட்டு வருசமா."

"நல்லாத்தான் வளத்திருக்கீங்க" என்று ஒரு கூறு புளியை அவர் பக்கம் தள்ளினாள்.

மலையடிவாரத்துத் தகரக் கொட்டகையில் இருந்த அந்தம்மாளுக்கு அர்த்தநாரியைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. காவி கிடையாது, ஆசீர்வாதம் கிடையாது. தேடி வருகிறவர்களுக்கு முதலில் ஒரு வேலை கொடுப்பாள். பதில் கொடுப்பாளா என்பது வேறு விஷயம். வேலைக்குப் பயந்தே பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அர்த்தநாரி நிறுத்தவில்லை. தறிகளை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு ஞானம் தேடக் கிளம்பிய மனிதர். ஞானம் கிடைத்ததோ இல்லையோ, புளி சுத்தமாக எடுப்பார்.

"என்ன பண்ணினான் தம்பி?"

அவர் சொன்னார்.

அண்ணன் தம்பி வீடுகள் பக்கத்துப் பக்கத்தில். இரண்டும் அப்பா கட்டிய பழைய ஓட்டு வீடுகள். தம்பி நாச்சிமுத்து முந்திக்கொண்டான். தன் வீட்டை இடித்து, தரையைத் தாங்கும் பேஸ்மட்டத்தை ரோட்டுக்கு மேலே, அண்ணன் வீட்டுக்கும் மேலே தூக்கிக் கட்டினான். அந்த ஊரில் அதுதான் வழக்கம். புதிதாகக் கட்டுகிறவன் பக்கத்து வீட்டைவிட ஒரு கல்வரியாவது கூட வைப்பான். வைக்காதவனை ஏமாளி என்பார்கள்.

அதற்குப் பிறகு மழை பெய்தால் தெருத்தண்ணி முழுக்க அர்த்தநாரி வீட்டுக்குள். ஓர் ஐப்பசிக் காலையில் அவர் மனைவி பாவாயி அடுப்படித் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. ஆபரேஷன் பண்ணியும் கோல் இல்லாமல் நடக்க முடியவில்லை.

"தம்பி வந்து பாத்தாரா?"

"ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தானுங்க. தூக்கித் தெருவுல வீசினேன்."

"தண்ணிக்கு என்ன சொன்னாரு?"

"நீயும் ஏத்திக் கட்டிக்க அண்ணா அப்படீன்னான்."

நல்லாத்தாள் கொட்டைகளை ஒரு முறத்தில் அள்ளினாள்.

"இப்ப நானும் இடிச்சுட்டேனுங்க" என்றார் அர்த்தநாரி. "கடைக்கால் தோண்ட நாள் குறிச்சாச்சு. என்ற பேஸ்மட்டம் அவனுதுக்கு மேல நிக்கோணும். தண்ணி பூரா அவன் நடுவூட்டுல போயி நிக்கோணும்."

"நின்னா கோபம் போயிருமா?"

"போயிருமுங்க."

"அப்பக் கட்டுங்க."

அர்த்தநாரி இதை எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பு, பொறுமை, கூடப்பிறந்த பாசம் என்று ஏதாவது சொல்வாள், இப்படி இப்படித் திருப்பிச் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தார். அத்தனையும் வீணாகப் போயிற்று.

"எவ்வளவு ஏத்தட்டுமுங்க?"

"போதும்னு படற வரைக்கும். பட்டதும் சொல்லி அனுப்புங்க. வர்றேன்."

*

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள். மழைக்கு வீங்கி வெயிலுக்குப் பிளக்கும் கரிசல் மண் அது. கெட்டித் தரை வருகிற வரைக்கும் தோண்ட வேண்டும். ஆள் மட்டத்துக்குத் தோண்டியும் வரவில்லை.

அர்த்தநாரி அசரவில்லை. தோண்டச் சொன்னார். கெட்டித் தரையைக் கடப்பாரை தொட்டுக் 'கணீர்' என்றபோது குழிக்குள் இறங்கிக் கையால் தட்டிப் பார்த்தார்.

அடியில் ஜல்லி போட்டார்கள். அதன்மேல் கருங்கல் கட்டினார்கள். கட்டு தரைக்கு மேலே வந்தது. தம்பி வீட்டு மட்டத்தைத் தொட்டது. தாண்டியது.

பாவாயி தெருக்கோடி வாடகை வீட்டில் இருந்தாள்.

"நானும் ஒரு எட்டு வந்து பாக்கட்டுங்களா, மாமா?"

"கல்லும் மண்ணுமாக் கெடக்குது. கீழ விழுந்து வெச்சீன்னா நான் தாங்க மாட்டேன். வாசல் நிலை வெக்கற அன்னிக்கு வா."

அவள்மேல் அவருக்கு உயிர். அதில் சந்தேகமே இல்லை.

ஒருநாள் நாச்சிமுத்து வந்தான். அண்ணன் கட்டிய பேஸ்மட்டத்தை நிமிர்ந்து பார்த்தான். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணா, இந்த மட்டம் நின்னா, அடுத்த மழைக்குத் தண்ணி எங்க வூட்டுக்குள்ள வந்துருமே."

"நீயும் ஏத்திக் கட்டிக்க" என்றார் அர்த்தநாரி.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் எட்டு வருடம் காத்திருந்தார். சொன்னால் பாயசம் குடித்தது போல இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் இல்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு போனது மட்டும் கண்ணிலேயே நின்றது. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் கொத்தனார் ஆறுச்சாமியிடம், "இன்னும் ரெண்டு வரி வைங்க" என்றார்.

"எதுக்குங்க? அதான் தாண்டியாச்சே."

"வைங்க."

வைத்தார்கள். அப்போதும் போதும் என்று படவில்லை. மலையடிவாரத்துக்கு ஓடினார்.

"தாண்டிட்டேனுங்க, சாமி. ஆனா மனசு ஆறலீங்க."

"போதும்னு படலியா?"

"படலீங்க."

"அப்ப இன்னும் வைங்க" என்று ஒரு கூறு புளியைத் தள்ளினாள்.

இன்னும் வைத்தார்கள். கிராவல் மண் லாரி லாரியாக வந்து உள்ளே விழுந்தது. தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினார்கள். மண் இறங்க இறங்க மேலே ரொப்பினார்கள். கொத்தனாருக்கே ஆற்றாமல் போயிற்று.

"ஏனுங்க, கோட்டை கட்டறமா, வூடு கட்டறமா?"

"எம்பொண்டாட்டி கால்ல இனி ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. அதுக்குத்தான்" என்றார் அர்த்தநாரி. சொல்லும்போது கண் கலங்கியது. கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் ஒருநாள் அர்த்தநாரி மேலே ஏறி நின்றார். தம்பி வீட்டு ஜன்னலின் உட்பக்கம் கீழே தெரிந்தது. இதற்குமேல் தூக்க வழியில்லை என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். சரி, போதும் என்று மலையடிவாரத்துக்கு ஆள் அனுப்பினார்.

*

நிலை வைக்கிற நாள். தலைவாசல் மரம் மஞ்சள் பூசக் காத்துக் கிடந்தது. படி இன்னும் கட்டவில்லை. ஏறுவதற்குச் சாரப் பலகை இரண்டைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேலே போய் நின்றார்கள். தம்பியைக் கூப்பிடவில்லை. அவன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்லாத்தாள் நடந்தே வந்தாள். வந்தவள் பலகைப் பக்கம் போகாமல் மணல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மேல வாங்க, சாமி" என்றார் அர்த்தநாரி.

"வூட்டுக்காரம்மா மொதல்ல ஏறட்டும்."

அதுவும் முறைதான். வீட்டுக்காரி முதல் பொட்டு வைத்துத்தான் நிலை நிமிர வேண்டும். பாவாயி மஞ்சள் குங்குமத் தட்டுடன் கீழே நின்றிருந்தாள். புதுப்புடவை. கடைக்கால் தோண்டிய பிறகு அன்றைக்குத்தான் மனையைப் பார்க்கிறாள். பேஸ்மட்டத்தைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்தாள்.

"நேரம் போகுது பாவாயி. ஏறி வா."

அவள் கோலைப் பலகைமேல் ஊன்றினாள். கோல் சறுக்கியது. இன்னும் ஒருமுறை ஊன்றினாள். நல்ல காலை எடுத்து வைத்தாள். இன்னொரு கால் வரவில்லை. வலியில் உதட்டைக் கடித்தாள்.

"ரெண்டு பேரு போயித் தூக்கிட்டு வாங்கப்பா" என்றார் அர்த்தநாரி.

இரண்டு பேர் இறங்கினார்கள்.

"தொடாதீங்க" என்றாள் பாவாயி. "தூக்கிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன பொணமா?"

நல்ல நாளில் அந்த வார்த்தை விழுந்ததும் இறங்கிய இருவரும் பின்வாங்கினார்கள். நல்லாத்தாள் மட்டும் நகர்ந்து, மணல் குவியலில் அவளுக்கு இடம் விட்டாள். பாவாயி உட்காரவில்லை.

"இன்னிக்குத்தான் பலகை" என்று அர்த்தநாரி தணிந்து சொன்னார். "நாளைக்குப் படி கட்டிட்டா சரியாப் போயிரும்."

"எத்தனை படி வரும்?"

அர்த்தநாரி கொத்தனாரைப் பார்த்தார்.

"ஒம்பது வருமுங்க" என்றார் ஆறுச்சாமி.

பாவாயி தலையாட்டினாள். கோபம் எதுவும் இல்லை.

"உனக்காகத்தானே பாவாயி இவ்வளவு ஏத்தினேன்! என்ன மழை பேஞ்சாலும் இனி உள்ள தண்ணி வராது."

"தண்ணி வராதுங்க, மாமா" என்றாள். "நானும் வர முடியாது."

மேலே நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அர்த்தநாரி நல்லாத்தாளைப் பார்த்தார். அவள் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் பலகை வழியாகக் கீழே இறங்கினார். இறங்கும்போது அவருக்கே கால் சறுக்கியது. மனைவி பக்கத்தில் வந்து நின்று, அவள் நின்ற இடத்திலிருந்து அந்தப் பேஸ்மட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"முகூர்த்தம் முடியப் போகுதுங்க" என்றார் கொத்தனார்.

"முடியட்டும். நிலையை ஓரமாப் படுக்க வைங்க."

"ஐயோ, என்னங்க இது!"

"பேஸ்மட்டத்தைப் பிரிக்கோணும்."

"பிரிச்சா மழைக்குத் தண்ணி வருமுங்களே?"

அர்த்தநாரி திரும்பிப் பக்கத்து வாசலைப் பார்த்தார். நாச்சிமுத்து இன்னும் அங்கேதான் நின்றிருந்தான்.

"தண்ணிக்கு நான் அவங்கிட்டப் பேசிக்கறேன்."

கொத்தனார் பெருமூச்சு விட்டார்.

"சரிங்க. அப்ப எவ்வளவு உயரம் வெக்கறது? அதைச் சொல்லுங்க."

அர்த்தநாரி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு மனைவியின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்.

"நீ சொல்லு" என்றார்.

பாவாயி இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக்கொண்டாள். அந்த நோவுக் காலை மெதுவாகத் தரையிலிருந்து எடுத்தாள். முடிந்தமட்டும் உயர்த்தி, அப்படியே நிறுத்தினாள்.

"இவ்வளவுதானுங்க."