இருபத்திரண்டு நிமிட நுரை

சவர சோப்பு தாடியை மென்மையாக்குகிறது என்று உலகம் நம்புகிறது.

இது பெரும் பிழை. மனித குலம் இத்தனை காலமாக, இத்தனை ஒற்றுமையுடன், அதுவும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே காப்பாற்றி வந்த பிழை வேறொன்று இல்லை. முடியை மென்மையாக்குவது தண்ணீர். அந்தத் தண்ணீர் வழிந்து ஓடிவிடாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருப்பதுதான் நுரையின் வேலை.

கொஞ்ச நேரம்தான்.

பொன்னுரங்கத்துக்கு இது தெரியும். அவர் ஓர் அச்சகத்தில் நாற்பது வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர், ஒரு புதன்கிழமை காலை, மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து, தன்னைவிட இருபது வயது இளையவரான தேனம்மையின் முன் உட்கார்ந்து முறையிட்டார்.

"அம்மா, நுரை ஆறிப்போகுது."

தேனம்மை அந்த ஆசிரமத்தின் குரு. அப்போது மதியச் சமையலுக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்த நுரை?"

"சவர நுரை."

தேனம்மை தன் மழித்த தலையை ஒரு முறை தடவிக்கொண்டார்.

"சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. யாருக்குச் சவரம்?"

"எங்க அண்ணனுக்கு."

அண்ணன் ஆளவந்தாருக்கு எழுபத்திரண்டு வயது. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப் பக்கமும் பேச்சும் போய்விட்டன. காது கேட்கும். இடப் பக்கத்தில் உணர்ச்சி இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆறிய நுரை பட்டால் இடக் கன்னம் சுருங்கும், இடக் கண் இறுக மூடிக்கொள்ளும். ஞாயிறுதோறும் அவருக்குச் சவரம் செய்வது பொன்னுரங்கம்.

"ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாமே. நாலு நிமிஷ வேலை."

"சவரம் நாலு நிமிஷம்தாம்மா. அவர்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அதுக்குத்தான் நேரம் பிடிக்கும்."

"சவரம் பண்றப்பத்தான் சொல்லணுமா?"

"மத்த நேரம் அண்ணி பக்கத்துலயே இருப்பாங்க. அதோட, முகம் நிறைய நுரை இருந்தா அவரால முகத்தைத் திருப்பிக்க முடியாது."

"நல்ல ஏற்பாடு. எத்தனை நாளா சொல்லணும்னு இருக்கீங்க?"

"முப்பத்தொரு வருஷமா."

தேனம்மை கத்தியைக் கீழே வைத்தார்.

பொன்னுரங்கம் சொன்னார். அப்பா படுக்கையில் விழுந்தபோது அண்ணன் வடக்கே ரயில்வே வேலையில் இருந்தார். பெரியவனுக்குக் கடுதாசி போடு என்றார் அப்பா. பொன்னுரங்கம் எழுதினார். 'உடனே வரவும்' என்று எழுதினால் அண்ணன் பதறிப்போவார். 'முடிந்தால் வரவும்' என்று எழுதினால் வரமாட்டார். 'நிலைமை கவலைக்கிடம்' என்பது செய்தித்தாள் நடை. பத்து நாளில் நான்கு முறை திருத்தி எழுதினார். போட்டாச்சா என்று அப்பா கேட்டபோது, போட்டாச்சு என்றார்.

பதினோராம் நாள் காலை அப்பா இறந்தார். தந்தி போயிற்று. அண்ணன் வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது.

"கொள்ளி யார் வெச்சது?"

"நான். அவர் வைக்க வேண்டியது. கடுதாசி போட்டும் வராத பிள்ளைன்னு சொந்தக்காரங்க அத்தனை பேரும் அவரைப் பேசினாங்க. கடுதாசி வரவே இல்லைன்னு அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன்."

"நின்னுட்டு இருந்தீங்க."

"ஆமா. அன்னையிலேர்ந்து அவர் எந்தத் தபால்காரர்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசினதில்லை."

"பாவம்," என்றார் தேனம்மை. "யாருன்னு கேக்காதீங்க."

அவர் மறுபடி கத்தியை எடுத்தார். ஒரு துண்டு நறுக்கினார்.

"நுரைக் கிண்ணத்தை ஒரு பெரிய வெந்நீர்க் கிண்ணத்துக்குள்ள வைங்க. ஆறாது."

பொன்னுரங்கம் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார். ஒரு குருவிடமிருந்து இதைவிடக் கனமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வந்தது பூசணிக்காய்தான். ஆசிரமத்தில் யார் வந்தாலும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

அடுத்த புதன்கிழமை வந்தார்.

"எட்டு நிமிஷம் நின்னுச்சும்மா."

"சொன்னீங்களா?"

"முன்னுரை வரைக்கும் வந்தேன்."

"முன்னுரையில என்ன இருக்கு?"

"அப்பாவோட குணநலன்கள்."

தேனம்மை தலையசைத்தார். "கிண்ணத்தைச் சுத்திக் கம்பளித் துணி கட்டிப் பாருங்க," என்றார்.

மூன்றாம் புதன்கிழமை அவர் ஒரு பையுடன் வந்தார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். உள்ளே பித்தளைக் கிண்ணம். வெளியே மண்சட்டி. இரண்டுக்கும் நடுவே வெந்நீர். சட்டியைச் சுற்றி அண்ணனுடைய பழைய மஃப்ளர். பிரஷ் ஊறுவதற்குத் தனியாக ஒரு செம்பு. மேலே மூட, நடுவில் துளையிட்ட தேங்காய்ச் சிரட்டை.

"கொதிக்கிற தண்ணி ஆகாதும்மா. நுரை செத்துப் போயிடும். விரலை விட்டா மூணு எண்ணுற வரைக்கும் தாங்கணும், நாலாவதுல எடுத்துடணும். அந்தப் பதம்." அவர் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "இருபத்திரண்டு நிமிஷம்."

சிலர் சமாதி நிலையைப் பற்றி அந்தக் குரலில் பேசுவார்கள்.

தேனம்மை சட்டியைத் தொட்டுப் பார்த்தார். மஃப்ளரை விலக்கிப் பார்த்தார். சிரட்டையைக் கழற்றி மாட்டினார்.

"இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை," என்றார். அது உண்மை. "அண்ணன் என்ன செஞ்சார்?"

"ரொம்ப சுகமா இருந்திருக்கும்போல. தூங்கிட்டார்."

"நீங்க?"

"தூங்கறவர்கிட்ட எப்படிம்மா சொல்றது? பாதி முகம் சவரம் பண்ணிட்டு எழுந்திருக்கட்டும்னு காத்திருந்தேன். அண்ணி வந்துட்டாங்க. பரவாயில்லை. சட்டியை இன்னும் கொஞ்சம் தடிமனா வாங்கினா முப்பது நிமிஷம் வரைக்கும் கொண்டுபோகலாம். முப்பது நிமிஷம் கிடைச்சா, எல்லாத்தையும் முதல்லேர்ந்து வரிசையா..."

தேனம்மை எழுந்து கல்தொட்டிப் பக்கம் போனார்.

மார்கழி மாதம். தொட்டித் தண்ணீரில் இரண்டு வேப்பிலைகள் அசையாமல் கிடந்தன. அவர் ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தேய்த்தார். மாடத்திலிருந்து சவரக் கத்தியை எடுத்தார். சோப்பு இல்லை. கண்ணாடி இல்லை. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், காதுக்கு மேலே, மறு காதுக்கு மேலே. ஒரு வாரத்து முடி தொட்டி ஓரத்தில் விழுந்தது. பின்னந்தலையில் ஓரிடத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. துண்டால் ஒற்றிக்கொண்டார்.

பொன்னுரங்கம் 'வரிசையா' என்பதற்கு அடுத்த சொல்லை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

"அம்மா, சொல்லியிருந்தா நான் வெந்நீர் வெச்சுத் தந்திருப்பேனே."

"முதல் தடவை மழிக்கறப்ப நானும் வெந்நீர் வெச்சேன். சூடாகிற வரைக்கும் பின்னலை அவுத்து மடியில போட்டுப் பார்த்துட்டு இருந்தேன். நல்ல முடி."

"அப்புறம்?"

"தண்ணி கொதிச்சுது. அதை எடுத்துக் குளிச்சுட்டு, தலை வாரிப் பின்னிக்கிட்டேன். மழிச்சது ரெண்டு வருஷம் கழிச்சு."

"ரெண்டு வருஷம் ஒண்ணும் பெரிசில்லையேம்மா."

"எனக்கில்லை. என் தலையில கை வெச்சு ஏத்துக்கறேன்னு சொன்ன என் குரு அதுக்குள்ள போயிட்டார்."

அவர் கத்தியைத் துடைத்து மாடத்தில் வைத்தார்.

பொன்னுரங்கம் எழுந்தார்.  செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். சட்டி, கிண்ணம், செம்பு, சிரட்டை எல்லாம் அங்கேயே இருந்தன. நோட்டுப் புத்தகமும் இருந்தது.

அண்ணன் வீட்டு வாசலில் அண்ணி நின்றிருந்தார்.

"எங்க போனீங்க தம்பி? காலையிலேர்ந்து போன் பண்றேன்."

"வீட்டுலயே வெச்சுட்டேன் அண்ணி. என்ன?"

"விடியக்காலையில மறுபடி வந்துடுச்சு. டாக்டர் பார்த்துட்டுப் போனார். இடப் பக்கமும் போயிடுச்சாம். கண்ணு மட்டும் திறந்திருக்கு. காது கேக்குதா இல்லையான்னு சொல்ல முடியாதுங்கறார்."

பொன்னுரங்கம் உள்ளே போனார். அண்ணன் மல்லாந்து படுத்திருந்தார். முகத்தில் மூன்று நாள் நரைமுடி. ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போன பாதியில் இன்னும் நீளமாக இருந்தது.

அலமாரியில் பழைய சவர சோப்பும் பழைய பிரஷும் இருந்தன. எடுத்துக்கொண்டார். குழாயைத் திறந்து பிரஷை நனைத்தார்.

"வெந்நீர் வைக்கட்டுமா தம்பி?"

"வேண்டாம் அண்ணி."

"ரொம்ப ஜில்லுனு இருக்கே."

"வேண்டாம்."

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணி தலைமாட்டிலேயே நின்றார். அவர் அண்ணியைப் போகச் சொல்லவில்லை.

"அண்ணா, அந்தக் கடுதாசியை நான் போடவே இல்லை."

ஆறு சொற்கள். நான்கு விநாடி ஆயிற்று.

அண்ணியின் கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது.  அண்ணனின் கண்கள் திறந்தே இருந்தன.

பொன்னுரங்கம் பிரஷை சோப்பில் சுழற்றினார். குளிர்ந்த தண்ணீரில் நுரை மெதுவாகத்தான் வந்தது. அதை அண்ணனின் இடக் கன்னத்தில் வைத்தார்.

கன்னம் சுருங்கவில்லை.