பச்சைநாயகி ருசி பார்த்த பூசணிக்கொடி

ஒரு ஊர்ல ஒரு பூசணித் தோட்டம். அதுல நாலே நாலு கொடி. அங்க பறந்து வந்தா ஒரு அசுவினிப் பூச்சி, பேரு பச்சைநாயகி. அரை எள்ளு அளவுதான் இருப்பா, ஆனா வயிறு நெறைய குட்டி. நல்ல கொடியா பாத்துக் குட்டி போடணும். கெட்ட கொடியில போட்டா அத்தனையும் பட்டினி. கேக்கறியா? ம்.

மொதக் கொடி கமகமன்னு மணந்துச்சு. ஊசிவாயை சுருக்குனு எறக்கினா. "த்தூ! கசப்பு!" விர்ருனு கெளம்பிட்டா.

அப்புறம் ரெண்டாவது கொடி. மணமே இல்ல. நுனிவாயால சுருக். இனிப்பு! "இவ்ளோ இனிப்பா? இதுல என்ன சூதோ?" உக்காராமப் பறந்துட்டா. நாலு நாள் கழிச்சு வந்து பாத்தா இலையெல்லாம் தேமல். கொடி கமகமங்குது. குத்தினா கசப்பு.

அப்போ மூணாவது கொடிக்குப் போனா. அங்கேயும் அதே சந்தேகம், அதே சுருக், அதே விர். திரும்பி வந்தா அதே தேமல்.

கீழ கட்டெறும்பு மாடசாமி போய்ட்டிருந்தான்.

"டேய், கொடிக்குக் கொடி ஏறுறவன் நீதானே? என்னடா பண்ணித் தொலைச்ச?"

"எனக்கேது ஊசி அக்கா? நீ குத்துன கொடிதான் கெடுது. வேலியோரச் சோளத்துல குத்தி வாயைத் தொடச்சுக்க. பூசணித் தேமல் அதுல ஒட்டாது."

"போடா, பெரிய வைத்தியன்!"

சொல்லிட்டாளே தவிர, மனசு கேக்கல. ஒருவேளை நான்தானோ?

அவதான். மொதக் கொடியில குத்தினப்பவே ஊசி முனையில ஒருத்தன் ஒட்டிக்கிட்டான். கண்ணுக்கே தெரியாத வைரஸ். அவனுக்குக் காலும் இல்ல, றெக்கையும் இல்ல. கொடியை மணக்கவெச்சு பூச்சியைக் கூப்பிடுவான், கசக்கவெச்சு வெரட்டுவான். வெரட்டினாத்தானே அடுத்த கொடிக்கு ஓசிச் சவாரி! ம்?

மிச்சம் ஒரே கொடி. வயித்துக்குள்ள குட்டிங்க நெளியுதுங்க. சோளத்துக்குப் போனா. சுருக். "ஊசியில ஒட்டினது போயிருக்குமா?" இன்னொரு சுருக். "இன்னும் ஒட்டிட்டிருந்தா?" மூணாவது சுருக்.

அப்புறம் நாலாவது கொடியில உக்காந்து குத்தினா. இனிப்பு. இந்தத் தடவை பறக்கல. குட்டியும் போடல. வயித்தை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இலையை மோந்து மோந்து பாத்தா. மொத நாள் மணக்கல. ரெண்டாம் நாளும் மணக்கல. நாலாம் நாளும் வெறும் பச்சிலை வாசனைதான்.

அப்பதான் மெதுவா, ஒண்ணொண்ணா, குட்டிங்கள எறக்கி விட்டா.

குட்டியெல்லாம் குடிச்சுட்டுத் தூங்கிருச்சு. கதையும் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு.