கலைந்து போ

செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுக்கு நடுவே ஒரு மடம் இருந்தது. அங்கே உறங்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

கேள்விப்பட்டவர்கள் சிரித்தார்கள். தூங்கினவன் கன்று கடாக்கன்று, கண் அசந்தவனுக்கு நஷ்டம்தான் என்று சொல்லி வளர்ந்த ஊர். அங்கே ஒருவர் தூங்குவதற்கென்றே கடையைப் பூட்டிவிட்டுப் போனால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? போனவர் சுயம்புலிங்கம், கருப்பட்டி வியாபாரி. அறுபதைத் தொட்ட மனிதர்.

அவர் மனைவி சொர்ணம் செத்தபோது அவர் விருதுநகரில் கருப்பட்டிச் சிப்பம் இறக்கிக்கொண்டிருந்தார். சேதி போய், வண்டி கட்டி அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, வீடு கழுவிவிட்ட ஈரம்கூடக் காய்ந்திருந்தது. கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குறை அவரை உள்ளே இருந்து அரித்தது.

சொர்ணம் கனவில் வராமல் இல்லை. வருவாள். அவரும் கூரை ஒழுகுவதைப் பற்றியோ மாட்டுக்குத் தவிடு இல்லாததைப் பற்றியோ அவளோடு பேசிக்கொண்டிருப்பார். விழித்த பிறகுதான் வந்தவள் யார் என்று உறைக்கும். தலையில் அடித்துக்கொள்வார். கனவுக்குள் இருக்கும்போதே இது கனவு என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதைக் கற்றுக்கொடுக்கிற மடம் இருப்பதாக ஒரு பனையேறி சொன்னதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரே மகள் தங்கக்கனி தடுத்துப் பார்த்தாள். அவள் புருஷனுக்குக் கொழும்பில் கடை வைக்க இடம் கிடைத்திருந்தது. காற்று திரும்பியதும் தூத்துக்குடியில் குடும்பத்தோடு தோணி ஏறுகிறார்கள். அய்யாவைத் தனியாக விட்டுப் போக அவளுக்கு மனம் இல்லை. கூடவே வந்துவிடும்படி கெஞ்சினாள்.

"தோணிக்கு முந்தின நாள் வந்து கூப்பிடுவேன், அய்யா. ஒரு தடவதான் வர முடியும். அப்பவும் 'பாப்போம்'னு சொல்லிராதீங்க."

"நீ வந்து கூப்பிட்டா வந்துருதேன்" என்றார் சுயம்புலிங்கம். மனதாரத்தான் சொன்னார். சொர்ணத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், பிறகு மகளோடு இருந்து பேரப்பிள்ளைகளைத் தூக்கிச் சுமக்கலாம் என்பதுதான் அவர் எண்ணம்.

மடத்தின் குருவை எல்லோரும் அம்மை என்றார்கள். உலகம்மை என்பது முழுப்பெயர். தாடியும் சடையுமாக ஒரு கிழவரை எதிர்பார்த்துப் போன சுயம்புலிங்கத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தங்கக்கனியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"கனவுன்னு தெரிஞ்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க, அண்ணாச்சி?"

"எம் பொஞ்சாதியப் பாக்கணும், அம்மா."

அம்மை அகப்பையைத் தட்டி வைத்தாள். சரி என்றாள்.

பாடம் ஒன்றும் பெரிதில்லை. மடத்தைச் சுற்றிச் செம்மணலில் வெறும் வாசல் நிலைகளாக நட்டிருந்தார்கள். சுவர் கிடையாது, கதவு கிடையாது, நிலை மட்டும் நிற்கும். எங்கே போனாலும் அவற்றுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு நிலையைத் தாண்டும்போதும் வலது கை விரலை இடது உள்ளங்கையில் அழுத்திப் பார்க்க வேண்டும். விரல் தடைபட்டு நின்றால் விழிப்பு. உள்ளே இறங்கினால் கனவு. பகலில் ஊறிய பழக்கம் உறக்கத்திலும் கூட வரும் என்றாள் அம்மை. உறக்கமும் பகலில்தான். காலைக் கஞ்சி குடித்துவிட்டு ஓலைப் பந்தலின் கீழே படுக்க வேண்டும். விடிந்தபின் வரும் உறக்கம் மெல்லிய துணி மாதிரி, வெளிச்சம் உள்ளே தெரியும் என்பது அவள் கணக்கு.

சுயம்புலிங்கம் விழித்திருந்த நேரமெல்லாம் நிலைகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தார். மற்ற சீடர்களும் அப்படியே போய்வந்தார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. பொட்டல் வெயிலில், சுவரில்லாத வாசல்களைத் தாண்டித் தாண்டித் தங்கள் கையைத் தாங்களே குத்திப் பார்க்கும் அந்த மனிதர்களைக் கண்டால் புதிதாக வருகிறவன் வந்த வழியே திரும்பப் பார்ப்பான்.

ஒரு நாள் கனவில் தன் வீட்டு வாசலைத் தாண்டினார். பழக்க தோஷத்தில் விரலை அழுத்தினார். பிசைந்த மாவுக்குள் போவதைப் போல விரல் போனது. புறங்கை வழியாக நகம் எட்டிப் பார்த்தது. வலி இல்லை.

உடனே எல்லாம் தெளிந்துவிட்டது. கூரை ஓலையில் ஒவ்வொரு ஈர்க்கும் தனித்தனியாகத் தெரிந்தது. விழித்திருக்கும்போதுகூட உலகத்தை அவர் அவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் கத்தினார். கத்திய சத்தத்தில் பந்தலின் கீழே விழித்துக்கொண்டார்.

சந்தோஷப்பட்டால் கலைந்துவிடும் என்றாள் அம்மை. உள்ளங்கை இரண்டையும் உரசிக்கொண்டே நடக்கச் சொன்னாள்.

அடுத்த முறை கையை உரசிக்கொண்டே கடைத்தெருவில் நடந்தார். ஆள் நடமாட்டம் நிறைய இருந்தது. தெரிந்த சங்கதியை மனதுக்குள் வைத்திருக்க முடியாமல், "இது கனவு" என்று பக்கத்தில் போனவனிடம் சொன்னார். தெரு அப்படியே நின்றது. தராசு பிடித்தவன் நின்றான். தலைச்சுமைக்காரி நின்றாள். எல்லோரும் திரும்பி அவரையே பார்த்தார்கள். சாவு நடந்த துஷ்டி வீட்டில் கேட்கக் கூடாததைக் கேட்டவனைப் பார்க்கிற பார்வை அது.

சுயம்புலிங்கம் பதறி விழித்தார். நேரே அம்மையிடம் ஓடி நடந்ததைச் சொன்னார். அவள் கஞ்சி கிண்டிக்கொண்டே, "நல்லது அண்ணாச்சி" என்றாள். திரும்பி வரும் வழியில் நிலையைத் தாண்டினார், கையை அழுத்தினார். விரல் உள்ளே போனது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். அம்மை அதே இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டு, "நல்லது அண்ணாச்சி, நல்லது அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பானைக்குள் மணல் கொதித்தது.

உண்மையாகவே விழித்தபோது உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. அன்று முழுக்க அம்மையின் பக்கம் போக அவருக்குப் பயமாக இருந்தது.

ஆனால் ஆசை யாரை விட்டது? பயம் தெளிந்ததும் மறுபடி படுத்தார். ஒரு நாள் சொர்ணம் கிடைத்தாள்.

அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் கையை உரசிக்கொண்டே எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். மூக்குத்தி, மேலுதட்டு மச்சம், முன்நெற்றி நரை எல்லாம் இருந்தபடியே இருந்தன. பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. அவளோடு பேசினார். எது கேட்டாலும் பதில் சொன்னாள். சில சமயம் அவர் கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே சொன்னாள். அவள் மட்டும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. உயிரோடு இருந்த சொர்ணம் ஓயாமல் கேட்கிறவள். எங்கே போனீர், ஏன் தாமதம், தின்றீரா இல்லையா என்று துளைத்தெடுப்பாள். இவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். கீரை குறையவும் இல்லை.

அதையெல்லாம் சுயம்புலிங்கம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை பார்த்தால் போதும் என்று வந்தவர், தினமும் பார்த்தார். காலையில் மட்டும் படுத்தவர் மத்தியானமும் படுத்தார். கஞ்சி பாதிக் கலயத்தில் நின்றது.

ஒரே ஒரு தொல்லைதான். அவர் சொர்ணத்தோடு உட்கார்ந்திருக்கும்போது அடுக்களை வாசலில் தங்கக்கனி வந்து நிற்பாள். கையில் மூட்டையோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்யா, வாங்க போவோம்" என்பாள். அவர் மனம் அந்தப் பக்கம் இழுபட்டதும் சொர்ணம் மங்கத் தொடங்குவாள். முதலில் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "கலைஞ்சு போ" என்றார். சோறு வடித்த ஆவி போல மகள் கலைந்துபோனாள். அதன்பிறகு அவள் வரும்போதெல்லாம் அதையே சொன்னார். நாளாக ஆக நாக்கு தானாகவே சொன்னது.

அந்த வித்தையை அவர் அம்மையிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"கலைஞ்சு எங்க போறா?" என்று கேட்டாள் அம்மை.

"எங்க போவா? கலைஞ்சா கலைஞ்சதுதான்."

"அழுதாளா?"

"கனவுதானே, அம்மா."

அம்மை அன்று அவர் கலயத்தில் மீதியிருந்த கஞ்சியைக் காக்கைக்கு ஊற்றினாள்.

தென்மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று ஒரு நாள் ஓய்ந்தது. பிறகு திசை மாறி வீசத் தொடங்கியது. தேரியின் மணல் மேடுகள் இடம் பெயர்ந்தன. சுயம்புலிங்கம் அதைக் கவனிக்கவில்லை. பந்தலின் கீழே, அரைக்கண் மூடி, சொர்ணத்திடமிருந்து அப்போதுதான் வந்தவரைப் போலவும் திரும்பப் போகிறவரைப் போலவும் கிடந்தார்.

பந்தலுக்கு வாசல் நிலை கிடையாது. நாலு பக்கமும் திறப்பு. வெயில் பக்கத்திலிருந்து தங்கக்கனி வந்து நின்றாள். கையில் மூட்டை இருந்தது.

"அய்யா, நாளைக்கு விடியத் தோணி. உங்களுக்கும் சேத்து இடம் சொல்லியாச்சு. வாங்க போவோம்."

"கலைஞ்சு போ" என்றார் சுயம்புலிங்கம்.

அவள் கலையவில்லை. நின்றாள்.

"அய்யா, நான் கனி வந்திருக்கேன்."

"தெரியும். கலைஞ்சு போ."

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அழுதாள் போலிருக்கிறது. அவர் பார்க்கவில்லை. பிறகு அவள் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த வழியே மணலில் கால் புதையப் புதைய நடந்தாள். இன்றைக்கு என்ன, கலைவதற்கு இவ்வளவு நேரம் எடுக்கிறாளே என்று அவருக்குச் சலிப்பாக இருந்தது. ஒரு மேட்டைத் தாண்டி அவள் மறைந்ததும் கண்ணை மூடினார். சொர்ணம் கீரையோடு உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அம்மை கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். ஒரு கலயம் அல்ல, இரண்டு. இடம் வலமாகப் பார்த்தாள்.

"மக எங்க, அண்ணாச்சி?"

சுயம்புலிங்கம் எழுந்து உட்கார்ந்தார்.

"எந்த மக?"

"தங்கக்கனி. மத்தியானம் எங்கிட்டதான் வந்து கேட்டா. பந்தல்ல இருக்காருன்னு சொல்லி அனுப்புனேன். களைச்சு வந்திருக்கியே, ஒரு வாய் குடிச்சிட்டுப் போன்னேன். அய்யாவோட சேந்து குடிக்கேன்னுட்டா."

அவர் இடது உள்ளங்கையை விரித்தார். வலது விரலை வைத்து அழுத்தினார். விரல் நின்றது. இன்னும் அழுத்தினார். நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. உள்ளே போய்விட வேண்டும், எப்படியாவது போய்விட வேண்டும் என்று அழுத்தினார். போகவில்லை.

எழுந்து மணலில் ஓடினார். மேட்டைத் தாண்டி, நிலைகளுக்குள் நுழையாமல், வண்டித்தடம் வரைக்கும் ஓடினார். புதுக்காற்று காலடிகளை எல்லாம் மூடியிருந்தது. வண்டி போன தடமும் இல்லை. தூத்துக்குடிக்கு இனி ஒரு ராத்திரி முழுக்க வண்டி ஓட வேண்டும். அந்த வனாந்தரத்தில் வண்டிக்கு எங்கே போவது? "கனி, கனி" என்று கூப்பிட்டார். குரல் மணலில் விழுந்து அங்கேயே கிடந்தது.

திரும்பி வந்தபோது அம்மை அதே இடத்தில் இருந்தாள். இரண்டு கலயத்திலும் கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. சுயம்புலிங்கம் அவள் எதிரில் மணலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையைப் போல விம்மினார்.

"கைய அழுத்திப் பாக்கத் தவறிட்டேன், அம்மா. பாத்திருந்தா அவதான்னு தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருந்தா?"

"வா தாயின்னு பக்கத்துல உக்கார வச்சிருப்பேன்."

அம்மை அவர் உள்ளங்கையிலிருந்த ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"கனவுல அத்தன நாள் வந்து அழுதுக்கிட்டு நின்னாளே, அண்ணாச்சி. அதுல ஒரு நாளாவது அப்படிச் சொல்லிப் பழகியிருந்தா, இன்னைக்குக் கைய எதுக்கு அழுத்திப் பாக்கணும்?"